உள்பக்கக் கொண்டி

2023 அக்டோபர் 17, செவ்வாய்க்கிழமை, பிற்பகல் மூன்று மணி இருபது நிமிடம். காலையிலிருந்து பெய்த மழை அப்போதுதான் விட்டிருந்தது. வெயில் வரவில்லை. ஓட்டு விளிம்பிலிருந்து சொட்டிக்கொண்டிருந்தது. அந்த நேரத்தில், வடசேரியில் இருக்கும் என் சொந்த வீட்டின் மாடிக் கதவைக் கடப்பாரையால் உடைக்கச் சொல்லி ஆளை நிறுத்தினேன். கதவின் சாவி என் கையில்தான் இருந்தது. சாவியைப் போட்டதும் பூட்டு திறந்தது. ஆனால் உள்ளே கொண்டி போட்டிருந்தது. தாழ்ப்பாளை எங்கள் ஊரில் கொண்டி என்போம்.

அந்தக் கொண்டியைப் போட்டவரைப் பற்றி எழுதத்தான் உட்கார்ந்திருக்கிறேன். பெயர் வேண்டாம், அவருக்குப் பிடிக்காது. தெருவில் எல்லாருக்கும் அவர் டீச்சர். கல்லூரிப் பரிசோதனைக்கூடத்தில் கிருமிகளைப் பற்றி ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தார். வயது ஐம்பத்திரண்டு. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. சொந்த ஊர் மண்டைக்காடு தாண்டி ஒரு கடற்கரைக் கிராமம். பழையாற்றுத் தண்ணீரைக் குப்பியில் பிடித்து வந்து, அதில் உள்ள கிருமிகளில் எவை மருந்துக்குச் சாகின்றன, எவை சாவதில்லை என்று பார்ப்பது அவர் வேலை.

என் மனைவி இறந்து அப்போது ஆறு வருடம் ஆகியிருந்தது. மகன் மஸ்கட்டில் இருக்கிறான். வெள்ளிக்கிழமைதோறும் கூப்பிடுவான். மேலே ஒரு காலடிச் சத்தம் கேட்டால் போதும் என்றுதான் மாடியை வாடகைக்கு விட்டேன். டீச்சர் வந்தது கொரோனா காலம். அதனால் முதல் சில மாதங்கள் அவருடைய வழக்கங்கள் எதுவும் எனக்கு விசித்திரமாகப் படவில்லை. ஊரே அப்படித்தான் இருந்தது. பிறகு ஊர் மாறிவிட்டது. டீச்சர் மாறவில்லை.

மாடிக்குப் பதினான்கு படி. ஏழாவது படியில் கைப்பிடிக் கம்பியில் ஒரு கொக்கி மாட்டியிருந்தார். பால், பத்திரிகை, காய்கறி என்று எது வந்தாலும் அந்தக் கொக்கியில்தான் தொங்க வேண்டும். நான் ஏறும் சத்தம் கேட்டதுமே மேலிருந்து குரல் வந்துவிடும்.

"அங்கினயே வச்சிருங்க அண்ணாச்சி."

ஒரு முறை எங்கள் வாழையில் மட்டிப்பழம் பழுத்தது. நல்ல சீப்பாகப் பார்த்து எடுத்துக்கொண்டு போனேன். பதினெட்டுப் பழம். அது ஒரு பகல் முழுக்கக் கொக்கியில் தொங்கியது. மாலையில் அவர் வந்து, குழாயடியில் சோப்புப் போட்டு, ஒவ்வொரு பழத்தையும் குழந்தையைக் குளிப்பாட்டுவதுபோலக் கழுவினார். உரித்துத் தின்னப்போகும் பழத்துக்குச் சோப்பு எதற்கு என்று எனக்கு ஆற்றாமையாக இருந்தது. உள்ளே போகும்போது கை கழுவுவார். வெளியே வரும்போதும் கழுவுவார். என் வீட்டுத் தண்ணீர்த் தொட்டி எத்தனை மணிக்குக் காலியாகிறது என்பது எனக்குத் தெரியும் என்பதால் இதையும் கவனித்தேன். கிறிஸ்துமஸுக்கு எனக்குக் கேக் தருவார். கடையில் வாங்கி, ஒட்டின உறை பிரிக்காமல், கீழ்ப்படியில் வைத்துவிட்டுக் கூப்பிடுவார். அவர் சமையலில் ஒரு கரண்டி குழம்புகூட நான் ருசி பார்த்ததில்லை.

என் வீட்டு மாடிதான். ஆனால் அவர் இருந்த காலத்தில் பதினான்காம் படிக்கு அப்பால் நான் போனதில்லை.

அவரைப் பார்க்க வருவது ஒரே ஒருவர். அண்ணன் மனைவி. டீச்சர் மைனி என்று கூப்பிடுவார், நானும் மனதுக்குள் அப்படியே வைத்துக்கொண்டேன். மீன் விற்கிறவர். செவ்வாய்க்கிழமைகளில் வடசேரியில் விற்றுவிட்டு, நாத்தனாருக்கென்று ஒதுக்கின மீனோடு வருவார். ஏழாம் படியில் அவருக்கும் நிறுத்தம்தான்.

"பாத்தியளா அண்ணாச்சி? எனக்க கையில சொறியா இருக்கு?" என்று என்னிடம் இரண்டு கையையும் விரித்துக் காட்டுவார். "கடல்ல கெடந்த மீனு, ஐஸுல கெடந்த மீனு, இனி இவளுக்க படியிலயும் கெடந்தாத்தான் கறியாவுமாம்!"

"மைனி, சட்டிய வச்சிட்டு ஒரு படி எறங்கி நில்லுங்க" என்பார் டீச்சர் மேலிருந்து.

"நிக்கேன் தாயே. நீ ராணி, நான் மீங்காரி."

சிரித்துக்கொண்டுதான் சொல்வார். ஆனால் போகும்போது முகம் வாடியிருக்கும். எனக்கும் வருத்தமாகத்தான் இருந்தது. படிப்பு ஏறினால் சொந்தக்காரர்கள் அழுக்காகத் தெரிவார்களோ என்று நினைத்துக்கொண்டேன்.

ஒரு சாயங்காலம் கரண்ட் போயிருந்தது. நான் கீழே நாற்காலியில், அவர் ஏழாம் படியில். இருவருக்கும் பேச வேறு ஆள் இல்லை.

"ஆத்துல அப்பிடி என்னதான் பாக்கிய டீச்சர்?" என்று கேட்டேன்.

"காவல்" என்றார். "கிருமிக்கு உள்ளயும் ஒரு காவல் உண்டு அண்ணாச்சி. அதையும் சின்ன வைரஸ் வந்து தாக்கும். தப்பிச்ச கிருமி, அந்த வைரஸுக்க டி.என்.ஏ.யில ஒரு துண்ட வெட்டித் தனக்க டி.என்.ஏ.யிலயே சேத்து வச்சுக்கிடும். மறுபடி அதே ஆளு வந்தா, துண்ட ஒத்துப் பாத்து வெட்டிப் போட்டுரும்."

"போலீஸ் ஸ்டேஷன்ல போட்டோ ஒட்டி வச்ச மாதிரி?"

"அதேதான். இப்ப இதக் கேளுங்க. மருந்துக்குச் சாவாத குணம் ஒரு கிருமியில இருந்து இன்னொண்ணுக்குப் போறதும் டி.என்.ஏ.யாத்தான் போவுது. சின்ன வளையம் மாதிரி இருக்கும். ஒண்ணு மத்ததுக்க பக்கத்துல ஒட்டி நின்னு குடுக்கும். காவல் கடுசா இருந்தா, அந்த வளையத்தையும் அன்னியம்னு வெட்டிரும்."

"அப்ப காவல் உள்ளது நல்ல கிருமி."

"நமக்கு நல்லது. நம்ம மருந்துக்குச் சாவும். அதுக்கு நல்லதா?" என்று கேட்டார். "மருந்து கலந்த ஓடையில போய்ப் பாத்தா, கதவ அடச்சுப் போட்டது செத்துப் போயிருக்கும். காவல் கெட்டுப்போய்த் தொறந்து கெடந்தது வளையத்த வாங்கிட்டுப் பிழைச்சிருக்கும்."

"கணக்கு தீந்துதே."

"எங்க தீந்துது? சில வளையம் வரும்போதே காவல்காரனுக்க கையக் கெட்டிப் போடுறதுக்கு ஆளையும் கூட்டிட்டு வருது. சில கிருமியில காவலும் இருக்கு, வளையமும் இருக்கு. ரெண்டும் எப்பிடி ஒரே வீட்டுல குடியிருக்குன்னு எனக்குத் தெரியல்ல. அதத்தான் எண்ணிட்டிருக்கேன்."

எண்ணுவது என்றதும் எனக்கு உடம்பில் ஒரு தெம்பு வந்தது. நான் புள்ளியியல் துறையில் முப்பத்தொரு வருடம் வேலை பார்த்தவன். ஆட்டை எண்ணியிருக்கிறேன், தென்னையை எண்ணியிருக்கிறேன், ஒரு முறை வள்ளங்களை எண்ணியிருக்கிறேன். சொன்னேன். மறுநாள் முதல் அவர் பரிசோதனைத் தட்டுகளைப் படம் பிடித்து என் போனுக்கு அனுப்பத் தொடங்கினார். மேல்வீட்டிலிருந்து கீழ்வீட்டுக்கு வாட்ஸ்அப்பில். அவர் எண்ணியதும் நான் எண்ணியதும் ஒத்துப்போகிறதா என்று பார்த்துக்கொள்வார்.

தட்டில் மருந்து கலந்த ஊட்டம் இருக்கும். வளையத்தை வாங்கிக்கொண்ட கிருமி மட்டும் அதில் புள்ளியாக வளரும். காவல் இல்லாத இனம் வளர்ந்த தட்டு, ரவையைக் கொட்டினதுபோல இருந்தது. படத்தைப் பெரிதாக்கி, கட்டம் கட்டமாகப் பிரித்து, கண்ணாடி வைத்து எண்ணினேன். காலை பத்து மணிக்குத் தொடங்கி மத்தியானச் சாப்பாட்டையும் தள்ளிவைத்தேன். 1,146.

மேலிருந்து சிரிப்புச் சத்தம் கேட்டது. அவர் வாய்விட்டுச் சிரித்து நான் கேட்டது அந்த ஒரு தடவைதான்.

"அண்ணாச்சி, முந்நூறுக்கு மேல போனா எண்ண முடியாததுன்னு எழுதிட்டு விட்டுரணும். ஒண்ணுக்கு மேல ஒண்ணு ஏறிக் கெடக்கும். எனக்க கண்ணு போச்சுன்னு நெனச்சேன், இப்ப உங்களுக்க கண்ணயும் கெடுத்தேன்."

எண்ண முடியாதது என்று அரசாங்கக் கட்டத்தில் நான் ஒருநாளும் எழுதியதில்லை. அடுத்த இரண்டு நாள் அவர் அனுப்பிய படங்களைத் திறக்கவே இல்லை.

காவல் கடுமையாக இருந்த இனத்தின் தட்டுகள் வேறு மாதிரி. சுத்தமாக இருக்கும். பூஜ்யம், பூஜ்யம், பூஜ்யம். அந்தப் பூஜ்யங்களை அனுப்பும்போது அவர் குரலில் ஒரு பெருமை இருந்ததை நான் கவனித்தேன். ஒருநாள் ஒரு தட்டில் நான்கு புள்ளி இருந்தது. சொன்னேன். டீச்சர் பதினான்கு படியும் இறங்கிக் கீழே வந்துவிட்டார்.

"நாலா? நல்லாப் பாத்தியளா?"

"நாலுக்கு என்ன டீச்சர், கண்ணாடி இல்லாமலே எண்ணலாம்."

அந்த நான்கையும் தனியே வளர்த்துப் பார்க்க இரண்டு வாரம் ஆயிற்று. பிறகு ஏழாம் படியில் உட்கார்ந்து சொன்னார். வளையம் காவலை ஏமாற்றவில்லை. அந்த நான்கும் தங்கள் காவலைத் தாங்களே தொலைத்தவை. பல கோடியில் எங்கோ நாலைந்துக்கு மட்டும் காவல் கெட்டுப்போயிருந்திருக்கிறது. மருந்து வைத்த தட்டில் அவைதான் மிஞ்சின.

"மத்த எல்லாம்?" என்று கேட்டேன்.

"சரியாத்தான் காவல் காத்துது. செத்துது" என்றார். கொஞ்சம் கழித்து, "பாவம்" என்றார். கிருமியைப் பார்த்துப் பாவம் என்ற ஒரு மனுஷியை நான் அதுவரை கண்டதில்லை.

மாத்திரை விஷயத்தில் அவரோடு எனக்கு ஓயாத சண்டை. சளி பிடித்தால் மெடிக்கலில் போய்க் கேட்டு வாங்கிவிடுவேன்.

"அஞ்சு மாத்திர வாங்கினிய. எத்தன போட்டிய?"

"மூணுலயே சரியாப் போச்சு."

"என்னென்னத்தையோ எண்ணுகிய, இத எண்ண மாட்டியளா? சளிக்கு இந்த மருந்தே வேண்டாம். என்ன கிருமின்னு பாக்காம எதையும் உள்ள விடக்கூடாது. செத்துப்போறது எது, மிஞ்சுறது எதுன்னு தெரியாம ஒரு மருந்த உள்ள விடுறது, கதவத் தொறந்து போட்டுட்டு ஊருக்குப் போறது மாதிரி."

இதை அவர் எனக்கு மட்டும் சொல்லவில்லை. தனக்கும் சொல்லிக்கொண்டார் என்பதுதான் பிறகு தெரிந்தது.

அக்டோபர் 15, ஞாயிறு காலை போன் வந்தது. குரல் நடுங்கியது. குளிரும் காய்ச்சலும், சிறுநீர் போகும்போது எரிச்சல் என்றார். நான் படியேறினேன். மூன்றாவது படியிலேயே ஒரு குப்பி இருந்தது. இரண்டு பிளாஸ்டிக் உறைக்குள் கட்டி வைத்திருந்தார்.

"இத லேபுல குடுத்துருங்க அண்ணாச்சி. கல்ச்சர் பண்ணி, எந்த மருந்துக்குச் சாவும்னு பாக்கச் சொல்லுங்க."

"டாக்டர்ட்ட போவலாம் டீச்சர். ஆட்டோ கூப்பிடுகேன்."

"இப்ப போனா கைக்குக் கிட்டினதக் குடுப்பாவ. ரிப்போர்ட் வரட்டும். நான் எந்த ஆத்துல கையவிட்டுக்கிட்டு நிக்கேன்னு அவியளுக்குத் தெரியாது."

மழையில் ஆட்டோ பிடித்துக் கொண்டுபோய்க் கொடுத்தேன். செவ்வாய் மாலை ஐந்து மணிக்கு வரச் சொன்னார்கள். திங்கள் காலை போன் செய்தேன். "இருக்கேன்" என்றார். மாலையில் செய்தேன். "வெசனப்படாதீங்க" என்றார். கஞ்சி வைத்துக்கொண்டு போனேன். கொக்கியில் மாட்டிவிட்டு இறங்கினேன். செவ்வாய் காலை போன் எடுக்கவில்லை. தூங்குகிறார் என்று நினைத்தேன். எட்டு மணிக்கு ஒருமுறை, ஒன்பதரைக்கு ஒருமுறை, பதினொன்றுக்கு ஒருமுறை அடித்தேன். கொக்கியைக்கூடக் கவனிக்காமல் படியேறிக் கதவைத் தட்டினேன். "ம்" என்று ஒரு சத்தம் வந்ததாகத்தான் எனக்குப் பட்டது. இறங்கி வந்துவிட்டேன்.

மூன்று மணிக்கு மைனி மீனோடு வந்தார். கொக்கியில் தொங்கிய தூக்குவாளியைத் திறந்து பார்த்தார். நேற்றைய கஞ்சி புளித்திருந்தது. இரண்டு நாள் பால் பாக்கெட்டும் அப்படியே கிடந்தது. மீன் சட்டியை அங்கேயே போட்டுவிட்டு மேலே ஓடினார்.

"ஏட்டி! கதவத் தொற! ஏட்டி!"

பதில் இல்லை. சாவியைப் போட்டேன். கொண்டி விடவில்லை. எதிர்வீட்டில் கட்டட வேலைக்கு வந்திருந்த ஆளைக் கடப்பாரையோடு கூப்பிட்டேன். கொஞ்சம் யோசித்தான். "ஒடச்சிரட்டா சார்? நல்ல அயினி மரப் பலகையாக்கும்" என்றான். "ஒட" என்றேன். நான்காவது குத்தில் பலகை பிளந்து கொண்டி தெறித்தது.

டீச்சர் கட்டிலுக்குக் கீழே தரையில் கிடந்தார். கண் திறந்துதான் இருந்தது. எங்களைப் பார்த்ததும் ஒரு கையைத் தூக்கினார்.

"அங்கினயே நில்லுங்க."

"நிக்கச் சொல்லுகா பாத்தியளா!" மைனி அலறினார். "நீ செத்துப் போறத நாங்க வெளிய நின்னு பாக்கணுமாட்டி?" ஒரே தூக்காகத் தோளில் சாய்த்துக்கொண்டு பதினான்கு படியும் இறங்கினார்.

ஆஸ்பத்திரியில் இளம்வயது டாக்டர் ஒரு பெண். கிருமி ரத்தத்தில் ஏறிவிட்டது என்றார். வந்த அரை மணியில் ஊசி மருந்தை ஏற்றத் தொடங்கிவிட்டார். ரிப்போர்ட்டுக்காக இரண்டு நாள் காத்திருந்தார் என்று நான் சொன்னதும் அவருக்குக் கோபம் வந்தது.

"கிருமி படிச்சவங்களா இப்படிச் செஞ்சாங்க? சாம்பிளையும் எடுக்கணும், அந்த மணிக்கே மருந்தையும் தொடங்கணும். ரிப்போர்ட் வந்த பிறகு மாத்திக்கலாமே!"

ஐந்து மணிக்கு லேபுக்குப் போய் ரிப்போர்ட்டை வாங்கிக்கொண்டு ஓடினேன். ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்று படித்தேன். பதினான்கு மருந்து. பதினொன்றுக்கு நேரே கேட்காது என்று இருந்தது. டாக்டர் ஏற்றிக்கொண்டிருந்த மருந்தும் அந்தப் பதினொன்றில் ஒன்று. காகிதத்தைப் பார்த்ததும் வேறு மருந்துக்கு மாற்றினார். காத்திருந்தது தப்பு, அனுப்பிப் பார்த்தது சரி. அந்த இரண்டையும் ஒரே ஆள்தான் செய்தார். இதை எப்படிக் கூட்டிக் கழிப்பது என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை.

பிழைத்துக்கொண்டார். மைனி ஊருக்குக் கூட்டிப்போய்விட்டார்.

நவம்பரில் பஸ் ஏறிப் போய்ப் பார்த்தேன். சின்ன வீடு, எட்டுப் பேர். டீச்சர் பின்பக்கம் தென்னைமூட்டில் தனியாக நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் தனித் தட்டு, தனித் தம்ளர், ஒரு சோப்பு. மைனியின் பேத்தி தவழ்ந்து வந்தது. "பிள்ளையத் தூக்குங்க மைனி" என்று அவசரமாகச் சொன்னார்.

மைனி குழந்தையைத் தூக்கிக்கொண்டு என்னிடம் சொன்னார். "செத்துப் பொழச்சும் தொரசானிக்கு அழுக்கு ஆவாது."

மைனி உள்ளே போனதும் நான் கேட்டுவிட்டேன். "இவ்வளவு ஆன பிறகுமா டீச்சர்? நாங்க என்ன அவ்வளவு அழுக்கா?"

அவர் என்னை விளங்காததுபோலப் பார்த்தார்.

"நீங்களா? உங்கள நான் என்னத்துக்குப் பயப்படணும் அண்ணாச்சி? மருந்துக்குச் சாவாத கிருமியெல்லாம் இருக்கப்பட்ட எடத்துல இருந்து தெனமும் வீட்டுக்கு வாறது நான். இப்ப எனக்க கொடல்லயே அது இருக்கும். எத்தன மாசம் இருக்கும்னு தெரியாது. ஒரு பச்சப்பிள்ளைக்கு ஒட்டினா, அது காய்ச்சல்ல கெடக்கும்போது எந்த மருந்தக் குடுப்பாவ?"

வெளியே வரும்போது அவர் கை கழுவியது எங்களுக்காக. கேக்கை உறை பிரிக்காமல் தந்தது எங்களுக்காக. ஏழாம் படியில் நிறுத்தியது அவரைக் காக்க அல்ல.

"கை நல்லாக் கழுவினாப் போதும்னு அந்த ஆஸ்பத்திரி டாக்டர் சொன்னாவளே?"

"சொன்னாவ. சரிதான். எங்க லேபுல மத்தவங்க எல்லாம் பிள்ளைகுட்டியோடதான் இருக்காவ." சேலை நுனியைத் திருகிக்கொண்டே சொன்னார். "எனக்கு முடியல்ல. நான் எண்ணிப் பாத்தவ."

"ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே டீச்சர். மைனி எத்தன நாளு கண்ணு கலங்கிப் போயிருக்கா தெரியுமா?"

"மைனிட்ட சொன்னா மீன் விக்க எடத்துல எல்லாம் சொல்லும். பிறகு அதுக்க மீன எவரு வாங்குவா? சரி, உங்கட்ட சொல்லுகேன்னு வையுங்க." அவர் நேராக என் முகத்தைப் பார்த்தார். "சொன்னா வீடு தந்திருப்பியளா?"

அலைச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. மைனி உள்ளிருந்து பால் விடாத கட்டஞ்சாயா கொண்டுவந்தார். நான் வாங்கிக் குடித்தேன்.

டிசம்பரில் வீட்டை ஒழித்துத் தந்தார்கள். மைனிதான் வந்து, டீச்சர் சொல்லிவிட்டபடி, தரையைப் பிளீச்சிங் பவுடர் போட்டு இரண்டு முறை கழுவினார். டீச்சருக்கு வடக்கே ஒரு ஆராய்ச்சி நிலையத்தில் வேலை கிடைத்துப் போய்விட்டார் என்று பிறகு சொன்னார். அதன்பின் மைனி இந்தத் தெருவுக்கு வர வேண்டிய தேவை இல்லாமல் போயிற்று. டீச்சர் போன் செய்வதில்லை. நான் இரண்டு முறை செய்தேன். நன்றாக இருக்கிறேன் என்றார். அந்தப் பக்கம் வேறு குரல் எதுவும் கேட்கவில்லை.

கதவுக்கு ஆசாரியைக் கூப்பிட்டேன்.

"உள்பக்கம் கொண்டி எவ்வளவு ஒயரத்துல வைக்கணும் சார்?"

"கொண்டி வைக்காண்டாம்."

"வைக்காண்டாமா? உள்ள கெடக்கப்பட்டவன் எப்பிடி நம்பி ஒறங்குவான்?"

"வெளிய நின்னு சாவி போட்டாத் தொறக்கணும். அது போதும்."

என்னை ஒரு மாதிரி பார்த்தார். செய்து தந்தார். அதன்பின் வீடு கேட்டுப் பதினொரு குடும்பம் வந்துவிட்டது. வீடு பிடித்திருக்கிறது என்பார்கள், தண்ணீர் உண்டா என்பார்கள், கதவைச் சாத்திப் பார்ப்பார்கள். பிறகு வருவதில்லை. "ஒரு கொண்டி எரநூறு ரூவாப்பா, மாட்டித் தொலைங்க" என்று மகன் வெள்ளிக்கிழமைதோறும் சொல்கிறான். சரி என்கிறேன். மாட்டவில்லை. மேலே சத்தம் இல்லை.

கதவுக்கும் ஆசாரி கூலிக்கும் 14,650 ரூபாய். மாதம் 6,500 வீதம் பத்தொன்பது மாதம் வராத வாடகை 1,23,500. ஆக மொத்தம், இந்த மாதம் வரை, 1,38,150 ரூபாய்.